பட்ட காலிலேயே ஏன் படுகிறது? ஒரு கெட்ட நாளின் கணக்கு

காலையில் கேஸ் தீர்ந்துவிடுகிறது. ஹோட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் வண்டியின் பின்சக்கரம் பஞ்சர். பஸ்ஸுக்குப் போனால் அரைமணி நேரம் எதுவுமில்லை, பிறகு ஒரே எண்ணில் மூன்று பஸ் வரிசையாக வருகிறது. டீக்கடையில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாலை ரயிலில், பல வருடமாகப் பார்க்காத பள்ளித் தோழர். அவர் வண்டியும் அன்று பஞ்சர். இரவு காலண்டரைப் பார்த்தால் சந்திராஷ்டமம்.

இப்படிப்பட்ட நாளுக்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று, நேரம் சரியில்லை. இன்னொன்று, எல்லாம் தற்செயல், விட்டுத்தள்ளு. இரண்டாவது பகுத்தறிவாகத் தெரிந்தாலும் அதுவும் பாதி தப்பு. மேலே சொன்னவற்றில் சில மட்டுமே தற்செயல். மற்றவற்றுக்குத் தெளிவான காரணம் இருக்கிறது, தடுக்கவும் வழி இருக்கிறது. எது எந்த வகை என்று பிரிப்பதற்குப் பள்ளிக்கூட நிகழ்தகவு போதும்.

முதலில் மூன்று சொற்கள்

1. ஒற்றுமை: தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் பொருந்தி வருவது. தோழரைச் சந்தித்தது இந்த வகை.

2. சார்பற்ற நிகழ்வு: ஒன்று நடந்ததால் இன்னொன்றின் வாய்ப்பு கூடவோ குறையவோ செய்யாவிட்டால் இரண்டும் சார்பற்றவை. கேஸ் தீர்வதும் பஸ் தாமதமாவதும் பெரும்பாலும் அப்படித்தான். மழையும் பஞ்சரும் அப்படியல்ல.

3. கொத்து: நிகழ்வுகள் சீராகப் பரவாமல் ஓரிடத்தில், ஒரு நாளில் குவிவது. இது தற்செயலாகவும் வரும், காரணத்தோடும் வரும். குழப்பமெல்லாம் இங்கேதான்.

ஒற்றுமை ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது

40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு சுமார் 89 சதவீதம். 23 பேர் இருந்தாலே 50 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆனால் அந்த 40 பேரில் குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் பிறந்தநாளோடு இன்னொருவருடையது பொருந்தும் வாய்ப்பு 10 சதவீதம்தான். இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்வியில் 780 ஜோடிகள் போட்டியில் இருக்கின்றன, இரண்டாவதில் 39 மட்டுமே. நம் ஊரில் முன்பு வாய்ப்பு இன்னும் கொஞ்சம் அதிகம். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு ஆசிரியரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட காலத்தில் மே, ஜூன் தேதிகள் பதிவேட்டில் குவிந்தன. தேதிகள் சீராகப் பரவாதபோது ஒற்றுமை கூடும்.

ஒரு ஒற்றுமையைப் பார்த்து வியக்கும்போது நாம் இரண்டாவது கேள்வியின் சிறிய எண்ணை மனதில் வைத்துக்கொள்கிறோம். உண்மையில் நடந்தது முதல் கேள்வி. பள்ளித் தோழரைப் பார்த்தோம். அதற்குப் பதிலாகக் கல்லூரித் தோழரையோ பழைய பக்கத்து வீட்டுக்காரரையோ முன்னாள் மேலாளரையோ பார்த்திருந்தாலும் இதே வியப்புதான். ரயிலில் இல்லாமல் துணிக்கடையில் பார்த்திருந்தாலும் அதே. 'நடந்திருந்தால் வியந்திருப்போம்' என்கிற பட்டியல் மிக நீளம். அதில் ஏதாவது ஒன்று நடப்பது அரிது இல்லை.

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் லிட்டில்வுட் பெயரில் ஒரு கணக்கு உண்டு. பரப்பியவர் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். லிட்டில்வுட் யார் என்றால், 1913-ல் ராமானுஜனின் கடிதம் வந்தபோது சக கணிதவியலாளர் ஹார்டியோடு உட்கார்ந்து அதை ஆராய்ந்தவர். கணக்கு இதுதான்: விழிப்போடு இருக்கும் நேரம் நாளுக்கு 8 மணி, நொடிக்கு ஒரு நிகழ்வு கண்ணிலோ காதிலோ படுகிறது என்று வைத்தால் நாளுக்கு 28,800. 35 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆக 'பத்து லட்சத்தில் ஒன்று' என்னும் அதிசயம் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒருமுறை வர வேண்டியதுதான்.

1980-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பெண்மணி நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை லாட்டரியில் பெரும்பரிசு வென்றார். 17 லட்சம் கோடியில் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதின. அது அந்தக் குறிப்பிட்ட பெண்மணி, தலா ஒரு சீட்டு வாங்கி, அந்த இரண்டு குலுக்கலிலும் வெல்லும் வாய்ப்பு. பர்டூ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் சாமுவேல்ஸும் மெக்கேபும் கேள்வியை மாற்றினார்கள்: அமெரிக்காவில் எங்கேயாவது, யாராவது ஒருவர், ஏழு வருடத்துக்குள் இருமுறை வெல்வாரா? வாய்ப்பு பாதிக்கும் மேல்.

காலண்டரில் காரணம் தேடினால்

இதே கணக்கைத் தினசரிக் காலண்டரிலும் போட்டுப் பார்க்கலாம். நம்பிக்கை பற்றிய வழக்கு இல்லை இது, எண்ணிக்கை மட்டும்.

1. ராகு காலமும் எமகண்டமும் தினம் தலா ஒன்றரை மணி. பகல் 12 மணி நேரத்தில் மூன்று மணி, அதாவது 25 சதவீதம்.

2. அஷ்டமியும் நவமியும் வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் வரும். 30 திதியில் நான்கு, சுமார் 13 சதவீதம்.

3. செவ்வாய்க்கிழமை ஏழில் ஒன்று, 14 சதவீதம்.

4. சந்திராஷ்டமம் 12 ராசிகளில் நம் ராசிக்கு எட்டாவதில் சந்திரன் இருக்கும் காலம். ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டேகால் நாள், 8 சதவீதம்.

இவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், பகலில் கண்ணை மூடிக்கொண்டு எந்த நேரத்தைத் தொட்டாலும் அது இவற்றில் ஒன்றிலாவது மாட்டும் வாய்ப்பு 49 சதவீதம். கரிநாள், சூலம், கௌரி பஞ்சாங்கம் எல்லாம் சேர்த்தால் பாதிக்கு மேல் போய்விடும். விபத்துகளைத் திரும்பிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஒரு 'கெட்ட நேர' முத்திரை கிடைத்துவிடும். அதிலும் திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம், புதன்கிழமை அதே நேரம் எமகண்டம். ஊரே அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் பாயும் நேரம் அது. வண்டி மோதுவதும் டிபன் பாக்ஸை மறப்பதும் அந்த ஒன்றரை மணியில் அதிகம் நடப்பதற்கு ராகு தேவையில்லை.

சார்பற்ற துன்பங்களும் குவியும்

வாரத்துக்கு இரண்டு சின்னத் துன்பம் என்று வைத்துக்கொள்வோம்: செருப்பு அறுவது, பால் பொங்கி வழிவது, சாவியை மறப்பது. வருடத்துக்கு 104. இவை ஒன்றையொன்று சாராமல் எந்த நாளிலும் சமவாய்ப்போடு விழுந்தால், வருடம் இப்படிப் பிரியும் (சார்பற்ற நிகழ்வுகள் எப்படிப் பிரியும் என்று சொல்லும் சூத்திரமான புவாசோன் பரவல் தரும் எண்கள்):

எதுவும் நடக்காத நாள் – 274 அல்லது 275
ஒன்று மட்டும் – சுமார் 78
இரண்டு – சுமார் 11
மூன்றும் அதற்கு மேலும் – 1

எந்தக் காரணமும் இல்லாமலே வருடத்துக்கு ஒரு நாள் மூன்று அடி சேர்ந்து விழும். மாதம் ஒரு நாள் குறைந்தது இரண்டு அடி விழும். 'தற்செயல் என்றால் பரவலாக இருக்க வேண்டாமா' என்று மனம் கேட்கும். இருக்காது. வாரத்துக்குச் சரியாக இரண்டு என்று பிசகாமல் வந்தால்தான் யாரோ திட்டமிட்டு அனுப்புகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் விழுந்தபோது இதே குழப்பம் வந்தது. சில பகுதிகளில் திரும்பத் திரும்ப விழுந்ததால் குறிவைத்து அடிக்கிறார்களோ என்ற பேச்சு இருந்தது. ஆர். டி. கிளார்க் என்னும் காப்பீட்டுக் கணக்கியலாளர் தெற்கு லண்டனின் 144 சதுர கிலோமீட்டரை, ஒவ்வொன்றும் கால் சதுர கிலோமீட்டர் கொண்ட 576 கட்டங்களாகப் பிரித்து 537 குண்டுகளை எண்ணி, 1946-ல் வெளியிட்டார். குண்டே விழாத கட்டம் 229, தற்செயல் கணக்குப்படி எதிர்பார்த்தது 227. ஒன்று விழுந்தது 211, எதிர்பார்த்ததும் 211. இரண்டு விழுந்தது 93, எதிர்பார்த்தது 98 அல்லது 99. நான்கு விழுந்தது 7, எதிர்பார்த்ததும் 7. குறிவைத்தல் எதுவும் தெரியவில்லை. குவிந்திருக்கிறது என்பது மட்டும் சான்று ஆகாது, கணக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகமாகக் குவிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோல் கடைசியில் நமக்கே தேவைப்படும்.

நாம் மாட்டிக்கொள்ளும் நேரம் சமமானது அல்ல

'விருந்தாளி வந்த அன்றைக்குத்தான் கேஸ் தீரும்' என்பது வெறும் புலம்பல் அல்ல. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. நாளுக்கு 350 கிராம் செலவானால் 40 நாள் வரும். ஆக ஒரு சாதாரண நாளில் தீரும் வாய்ப்பு சுமார் இரண்டரை சதவீதம். பத்துப் பேருக்குச் சமைக்கும் நாளில் ஒரு கிலோ எரிந்தால் வாய்ப்பு 7 சதவீதம், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. தவிர, சாதாரண நாளில் தீர்ந்தால் தோசைக்குப் பதில் பிரெட் என்று முடிந்துபோகும், நினைவிலும் நிற்காது. வடைச்சட்டியில் எண்ணெய் பாதி காய்ந்திருக்கும்போது தீர்ந்தால் பத்து வருடத்துக்குப் பேச்சு.

பஸ் விஷயமும் இந்த வகைதான், கொஞ்சம் ஆழமானது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அறிவித்த தடத்தில் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று நினைப்போம். பஸ்கள் சரியான இடைவெளியில் வந்தால் அது சரி. ஆனால் இடைவெளி 2 நிமிடம், 18 நிமிடம் என மாறி மாறி வந்தால்? சராசரி இடைவெளி அப்போதும் பத்துதான். ஆனால் 20 நிமிடத்தில் 18 நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் இருப்பதால் நாம் அதற்குள் போய் நிற்கும் வாய்ப்பு 90 சதவீதம். சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம். நடத்துநரைக் கேட்டால் பஸ் சரியாகத்தான் ஓடுகிறது என்பார். பயணி இல்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஏன் மூன்று சேர்ந்து வருகின்றன? முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடும். ஏற்றி இறக்க நேரமாகும், மேலும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கூட்டமில்லை, நிறுத்தங்களை விரைவாகக் கடந்து முன்னதை எட்டிப்பிடிக்கும். சின்னத் தாமதம் தானாகவே பெருகுகிறது. முனையத்திலிருந்து தூரம் போகப் போக இடைவெளி கோணலாகும். ஆகவே தடத்தின் தொடக்கத்தில் ஏறுபவருக்கும் நடுவழியில் ஏறுபவருக்கும் ஒரே கால அட்டவணை வேலை செய்யாது. மூன்று சேர்ந்து வந்தால் இரண்டாவதில் ஏறுவது உத்தமம், முதலாவதில்தான் மொத்தக் கூட்டமும் தொங்கும்.

'நான் நிற்கிற வரிசைதான் நகராது' என்பதற்கு ஒரே வரி: மூன்று கவுன்ட்டர் இருந்தால் நம் வரிசை மிக வேகமானதாக அமைய மூன்றில் ஒரு வாய்ப்பு. மற்ற இரண்டில் ஒன்று முந்துவதற்கு மூன்றில் இரண்டு.

தற்செயலே இல்லாதவை

கால் பெருவிரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் அன்றே மறுபடி அதே விரல் இடிபடும் என்று பழமொழியே இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் பார்த்தால் மூன்று காரணம் தெரியும். வீங்கிய விரலும் கட்டும் முன்பைவிட நீட்டிக்கொண்டிருக்கின்றன, நடையும் மாறியிருக்கிறது. இடித்த இடத்தில் நரம்புகள் கூர்மையடைந்திருப்பதால், நேற்று வரை உணராத சின்னத் தட்டல்கூட இன்று உயிர்போகிறது. முக்கியமாக, வாசற்படி அதே உயரத்தில் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு பஞ்சரும் அப்படியே. கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டுகிறார்கள். மறுபடி காற்று இறங்கினால் வழக்கமான காரணங்கள் இவை:

1. டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கவில்லை. முள்ளோ ஆணித் துண்டோ உள்ளேயே இருக்கிறது.

2. ஆணி டியூபின் இரண்டு பக்கமும் துளைத்திருக்கிறது. ஒரு ஓட்டை மட்டும் அடைபட்டது.

3. சொல்யூஷன் காய்வதற்குள் ஒட்டுப் போட்டுவிட்டார்கள், அல்லது இடத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை.

4. டியூபை உள்ளே தள்ளும்போது லிவரே அதைக் கடித்துவிட்டது.

டியூப்லெஸ் டயரில் வேறு கதை. ஆணி குத்திய இடத்திலேயே நின்று, காற்று இரவு முழுக்கக் கசிகிறது. பஞ்சரானது நேற்று மாலை, தெரிவது இன்று காலை, அவசரமாகக் கிளம்பும்போது. பேட்டரி, பேனா, டார்ச் எல்லாமே இப்படித்தான்: கெட்டுப்போவது எப்போதோ, தெரியவருவது தேவைப்படும்போது.

தோழரின் பஞ்சர்? முந்தின நாள் மழையா என்று முதலில் கேட்க வேண்டும். மழைநீர் ஓரத்துக் குப்பையை, ஆணியோடு சேர்த்து, சாலைக்கு இழுத்து வரும். ஈரமான ரப்பரில் கூர்மையானது எளிதாக இறங்கும். மழைக்கு மறுநாள் ஊர் முழுக்கப் பஞ்சர் கடைகளில் வரிசை நிற்கும். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு காரணம் இருந்துவிட்டால் அதை ஒற்றுமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

காலை ஆறு மணிக்கு மின்வெட்டு என்றால் மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, குளியல் தாமதம், செல்போனில் 9 சதவீதம் சார்ஜ், மதியம் போன் அணைந்து யுபிஐயும் இல்லை. ஐந்து துன்பம் என்று எண்ணுவோம். நடந்தது ஒன்று. கையில் சில்லறை நோட்டு வைத்திருப்பதன் பயன் இங்கே புரியும். அது மின்சாரத்தையும் சிக்னலையும் வங்கி சர்வரையும் சாராத வழி. இரண்டாவது யுபிஐ செயலி அப்படிப்பட்ட மாற்று அல்ல, இரண்டும் ஒரே கம்பியில் தொங்குகின்றன.

மாத முதல் வாரத்தில் இன்னொரு சங்கிலி. வங்கிகளின் தானியங்கிப் பற்று முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை நாளிலும் இயங்குகிறது. முன்பு ஞாயிற்றுக்கிழமை வரும் தவணை திங்களுக்குத் தள்ளிப்போகும். இப்போது அன்றே எடுக்கப்படும். சம்பளமோ நிறுவனத்தின் வேலைநாளைப் பார்த்து வருகிறது. நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தால் தவணை திரும்பும். வங்கி ஒரு கட்டணம், கடன் தந்தவர் ஒரு கட்டணம். அந்தத் தொகை குறைந்ததால் அடுத்த தவணையும் திரும்பலாம். இதைக் கிரகத்தின்மேல் போட முடியாது.

இந்தச் சங்கிலிகள் ஓடுவதற்கு வசதி செய்து தருவது நெருக்கமான கால அட்டவணை. வரிசைக் கோட்பாடு இதற்கு எண் தருகிறது. ஆளுக்குச் சராசரியாக 3 நிமிடம் எடுக்கும் கவுன்ட்டர், நினைத்த நேரத்தில் வரும் மக்கள். ஊழியர் பாதி நேரம் மட்டும் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம். 80 சதவீத நேரம் வேலை என்றால் 12 நிமிடம். 90 சதவீதம் என்றால் 27 நிமிடம். வேலை இரு மடங்குகூட ஆகவில்லை, காத்திருப்பு ஒன்பது மடங்கு. காலை 7 முதல் 9 வரை இடுக்கு இல்லாமல் நிரப்பிய வீட்டிலும் இதே கதைதான்: முதல் பத்து நிமிடச் சறுக்கலை உள்வாங்க இடமில்லை, அது ரயிலைத் தவறவிடுகிறது. பிறகு அவசரம், அவசரத்தில் அடையாள அட்டை மறதி, படியில் சறுக்கல். இரண்டாவது துன்பத்தின் வாய்ப்பை முதலாவதே கூட்டிவிட்டது.

வெண்ணெய் தடவிய பக்கம் கீழே விழுவதும் அதிர்ஷ்டம் சார்ந்ததல்ல. ராபர்ட் மேத்யூஸ் 1995-ல் இயற்பியல் ஆய்விதழில் கணக்குப் போட்டுக் காட்டினார், மறுவருடம், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது. 75 சென்டிமீட்டர் மேசையிலிருந்து தரையைத் தொட 0.4 நொடி. விளிம்பில் சரிந்து மெதுவாகச் சுழலும் பிரெட் அதற்குள் பாதிச் சுற்றுத்தான் முடிக்கும். வெண்ணெயின் எடைக்குச் சம்பந்தமில்லை. முழுச் சுற்றுக்கு இரு மடங்கு நேரம் வேண்டும், அப்படியானால் மேசை நான்கு மடங்கு உயரம், மூன்று மீட்டர். திரை மேலே தெரிய மேசை ஓரத்தில் வைத்த செல்போனும் பெரும்பாலும் இதே வழியில்தான் முகம் குப்புற விழுகிறது. இட்லி உருளும், அதன் கணக்கு வேறு.

உங்கள் வீட்டில் எது என்று சோதிப்பது

ஒரு நோட்டு, 90 நாள். வாரத்துக்கு இரண்டு துன்பம் என்ற வீதத்தில் மொத்தம் 25, 26 வரும். நாளுக்கு இரண்டோ அதற்கு மேலோ விழுந்த நாட்கள் சுமார் மூன்று இருக்க வேண்டும். நான்கு, ஐந்து என்றாலும் கவலையில்லை. ஏழு என்றால், வெறும் தற்செயலால் அவ்வளவு வர நூற்றுக்கு மூன்று நான்கு வாய்ப்புதான், எங்காவது பொதுக் காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

எழுதும் முறையில் கவனம் வேண்டும்:

1. அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் வடைச்சட்டி நாள் மட்டும் மிஞ்சும்.

2. ஒன்றால் விளைந்த மற்றொன்றைத் தனியாக எண்ணக் கூடாது, அம்புக்குறி போட்டு இணைக்க வேண்டும்.

3. தெரிந்த நேரத்தோடு, உண்மையில் நடந்திருக்கக்கூடிய நேரத்தையும் குறிக்க வேண்டும்.

4. மழை, மின்வெட்டு, முந்தின இரவுத் தூக்கம், மாதத் தேதி என நான்கு கட்டம்.

5. காலண்டரையும் சோதிக்க விரும்பினால், துன்பம் நடக்காத நாட்களிலும் தினம் ஒரே நேரத்துக்கு முத்திரை உண்டா என்று எழுத வேண்டும். ஒப்பிட அந்தப் பக்கம் இல்லாமல் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

அம்புக்குறிகள் எங்கே போய்ச் சேர்கின்றனவோ அங்கே கைவைத்தால் போதும். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சாக்பீஸால் அதன்மேல் எழுதி, 35-ம் நாளில் மாற்றுச் சிலிண்டர் இருக்கிறதா என்று பார்ப்பது. டயரை இரவு வண்டி நிறுத்தும்போதே அழுத்திப் பார்ப்பது. மோட்டாரைக் காலைக்குப் பதில் இரவில் ஓட்டுவது. தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு நான்கைந்து நாள் பின்னால் வைத்துத் தரச் சொல்லிக் கடன் தந்தவரிடம் கேட்பது. மாற்ற முடியாது என்று சொன்னால் ஒரு தவணைத் தொகையை அந்தக் கணக்கில் எப்போதும் தொடாமல் விட்டுவைப்பது.